தொண்டும் பெயரும்



உயிர்க்கு ஆண் பெண் என்னும் வேற்றுமை இயல்பின் உள்ளதன்று; உடம்பு பற்றி வந்ததேயாம். வினையும் செய்த உயிரையே சாரும். பிறிதோர் உயிர்க்கு ஆகாது. அதன் பயனைச் செய்தார்க்கே தப்பாது கூட்டுவிப்பவன் இறைவன். இவை சித்தாந்தம் பயின்றார் யாவர்க்கும் உடன்பாடு. அங்ஙனமாக, ஒரு பெண்மணி செய்த தொண்டினை அவர்தம் தந்தையார் கணவனார் பெயர்களுள் அடக்கிவிடுதல் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயப்படும்.

இளையான்குடிமாறனார் புராணத்தை நோக்குக. மழை பெய்யும் நள்ளிரவில், பகலில் விதைத்த நெல்லை வாரிக் கொணரின் அடியார்க்கு அமுதாக்கலாம் என வழி கூறியவர் அவர் மனைவியாரே. ஆயினும் அவ்வம்மையாரின் இயற்பெயர் நமக்குக் கிடைத்திலது. இயற்பகையார் மனைவியார்க்கும் அஃதே நிலை. இசைஞானியார்க்கு அமைந்த புராணம் ஒரே செய்யுள். அவர் ஞானசிவாசாரியார் மகளார் என்னும் செய்தியைத் தந்தது திருவாரூர்க் கல்வெட்டு. இது சேக்கிழார்க்குக் குறையன்று. வழிவழி வந்த செய்தியையே அவர் பாடினார். நூலில் வாராததைக் கல் காத்தது என்பதே ஈண்டு நாம் கொள்ளத்தக்கது.

பழங்காலத்து நிலை அவ்வாறாக, அச்சுநூல் மலிந்த அண்மைக் காலத்தும் இம்மறப்பு நிகழ்ந்தமைக்கு நீலாம்பிகை அம்மையார் வரலாறு சான்றாகும். 1903-ஆம் ஆண்டில் மறைமலையடிகளின் மகளாராய்த் தோன்றிய இவர், பாளையங்கோட்டைத் திருவரங்கம் பிள்ளையவர்களை மணந்து தண்பொருநை நாட்டின் மருமகளாரானார். திருநெல்வேலியில் 1920-இல் தோன்றிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தை நிறுவியவர் அப்பிள்ளையவர்களே.

அம்மையாரைப் பலர் அறிவது ஒரு நிகழ்ச்சியால் மட்டுமே. 1916-இல், வள்ளலார் பாடலொன்றில் வரும் ‘தேகம்’ என்னும் சொல்லிடத்து ‘யாக்கை’ என்பது நின்றால் சிறக்குமே என அடிகள் மகளாரிடம் கூற, அதன்வழித் தனித்தமிழ் முயற்சி அரும்பிற்று என்பர். இதில் அம்மையார் கேட்டு நிற்கும் பதின்மூன்று வயதுச் சிறுமியார், அவ்வளவே. அச்சிறுமியார் வளர்ந்து செய்தது யாது என வினவுவார் மிகச் சிலர்.

அவர் 1925-இல் ‘தனித்தமிழ்க் கட்டுரைகள்’ வெளியிட்டார். பின்னர், வடசொற்களை அகரநிரலில் வைத்து அவற்றிற்கு நேரிய தமிழ்ச்சொற் காட்டும் ‘வடசொற்றமிழ் அகரவரிசை’யைத் தொகுத்தார். ஒரு கொள்கையை அவையில் மொழிதல் எளிது. சொல்தோறும் நின்று, தேடி, ஒப்புநோக்கி, நிரல்படுத்தல் அரிது. அவ்வரிய பகுதியே அம்மையார் உழைப்பாயிற்று. ‘முப்பெண்மணிகள் வரலாறு’, ‘மேனாட்டுப் பெண்மணிகள்’ என்பனவும் அவர் எழுதியவை. பெண்டிர் வரலாற்றைத் தேடி எழுதியவரின் வரலாறே இன்று தேடற்பாலதாயிற்று.

ஆகமச் சொற்களை விலக்கல் ஆகாது எனக் கருதும் சைவர்க்கு இவ்வம்மையாரைப் போற்றுதல் தகுமோ எனின், தகும். கொள்கையை மறுத்தல் வேறு. உழைப்பை மறத்தல் வேறு. முன்னது ஆராய்ச்சியின்பாற்படும், பின்னது நன்றி கோறலேயாம்.

ஆகலின், மடாலய நூல்நிலையங்களிலும் புலவர் இல்லங்களிலும் உள்ள பழம்பதிப்புக்களின் முகப்பேட்டையும் முன்னுரையையும் பொருளுதவினோர் வரிசையையும் அன்பர்கள் ஒருமுறை பார்வையிடுவாராக. ஆண்டுப் பெண்பாலார் பெயர் எதிர்ப்படின், இன்னார் மகளார், இன்னார் மனைவியார் என்னும் அளவில் நில்லாது, அவர் பெயரையும் செயலையும் ஆண்டையும் சேர்த்து எழுதிவைப்பாராக. செய்தார்க்கு உரியதைச் செய்தார்க்கே உரிமையாக்குதல் நம் கொள்கைக்கு இயைந்த நெறியாகும்.