மேட்டில் மிதித்தால் மண் புரியும்

சதவீதம் என்ற சொல்லோடு முப்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவன் நான். வங்கியில் அது வட்டி. மலைச்சாலை ஓரத்துப் பலகையில் அதே சொல் சரிவைக் குறிக்கும். கிடைமட்டமாக 100 மீட்டர் போவதற்குள் பாதை 6 மீட்டர் உயர்ந்தால் அது 6 சதவீத ஏற்றம். சைக்கிளில் ஏறும்போது 2 சதவீதத்தில் பேசிக்கொண்டே போகலாம். 4-ல் பேச்சு நின்றுவிடும். 6-ல் கியரை இறக்கியாக வேண்டும். 10 வந்தால் என் வயதுக்காரர்கள் இறங்கித் தள்ள வேண்டியதுதான். 2-க்கும் 4-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். முழங்கால் உடனே சொல்லிவிடும். மழைத்தண்ணீருக்கும் அது நன்றாகவே தெரியும்.

சரிவு நிலத்தில் விவசாயம் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடத்துக்கு எடுத்துக்கொண்ட இடம் பிரான்சின் கிழக்கு ஓரத்தில், ஜெர்மனியை ஒட்டி இருக்கும் அல்சாஸ். போன வருடம் செப்டம்பரில் மகளோடு மூன்று நாள், கொல்மாரிலிருந்து தெற்கே தான் என்ற ஊர் வரை வாடகை சைக்கிளில் போனேன். 1953-ல் தொடங்கிய அல்சாஸ் ஒயின் சாலையின் தென்பகுதி இது. முழுச் சாலையும் சுமார் 170 கிலோமீட்டர். ஒயின் எப்படி இருந்தது என்று ஊருக்கு வந்ததும் எல்லோரும் கேட்டார்கள். நம் இதழுக்கு அது வேண்டாம். திராட்சைக்கு அடியில் இருக்கும் மண்ணைப் பற்றிப் பேசுவோம்.

நில அமைப்பு நமக்குப் பழகினதுதான். மேற்கே வோஜ் மலைத்தொடர், கிழக்கே ரைன் ஆற்றுச் சமவெளி. மேற்கிலிருந்து வரும் மழையை மலை வாங்கிக்கொள்கிறது. உச்சியில் வருடத்துக்குச் சுமார் 2000 மி.மீ. கொட்டும்போது அடிவாரத்துக் கொல்மாருக்குச் சுமார் 600 மி.மீ.தான். வால்பாறைக்கும் பொள்ளாச்சிக்கும் உள்ள உறவை நினைத்துக்கொண்டால் போதும். மலையின் மேல்பகுதி முழுக்கக் காடு. அதற்குக் கீழே, ஏறக்குறைய 200 முதல் 400 மீட்டர் உயரத்தில் திராட்சை. அதன் காலடியில் ஊர்கள், அதற்கும் கீழே சமவெளியில் மக்காச்சோளம். காட்டை வெட்டித் திராட்சையை மேலே ஏற்றவில்லை என்பதைக் கவனித்தேன். தலையில் காடு இருப்பதால்தான் கீழே மண் தங்குகிறது.

அங்கே சாலை மலையின் ஓரத்திலேயே ஏறி இறங்கிப் போகிறது. ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் ஒரு மேடு, ஒரு பள்ளம். திராட்சைத் தோட்டங்களுக்குள் போகும் சிறு தார்ப்பாதைகளில் டிராக்டருக்கும் சைக்கிளுக்கும் ஒரே வழி. அறுவடைக் காலம் என்பதால் டிராக்டர் வந்தால் நாம்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். அப்படி ஒதுங்கி நின்ற ஒவ்வொரு இடத்திலும் ஒரு தோட்டத்தைப் பார்க்கக் கிடைத்தது. காரில் போயிருந்தால் இதில் பாதிகூடக் கண்ணில் பட்டிருக்காது.

இரண்டாம் நாள் இரவு நல்ல மழை. மறுநாள் காலை ஒரு பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் வழுக்கியது. சாலையின் குறுக்கே விசிறி மாதிரி பழுப்பு வண்டல் படிந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் மேலே இருந்த தோட்டத்தில் கொடிகளுக்கு நடுவே சுத்தமாக வழித்த வெறும் தரை. வரிசை நெடுகத் தண்ணீர் கீறிய கோடுகள். அதை ஒட்டிய அடுத்த தோட்டமும் அதே சரிவு, அதே மண், அதே மழை. அங்கே வரிசைகளுக்கு நடுவில் கணுக்கால் உயரம் புல். அதிலிருந்து வந்த தண்ணீர் சாலையோர ஓடையில் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. மண் ஆய்வுக்கூடத்துக்குப் போகாமல், சாலையைப் பார்த்தே யார் தோட்டம் கரைகிறது என்று சொல்லிவிடலாம்.

கணக்கையும் பார்த்துவிடுவோம், பழைய பழக்கம் விடாது. ஒரு ஏக்கரில் ஒரு அங்குல மழை பெய்தால் சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர், அதாவது 100 டன். அதில் எவ்வளவு உள்ளே இறங்குகிறது, எவ்வளவு மேலோடு ஓடுகிறது என்பதுதான் கேள்வி. ஓடுகிற தண்ணீர் ஒரு ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மண்ணைச் சீவிக்கொண்டு போனாலும் அது 4 கன மீட்டர், ஏறக்குறைய 5 டன். ஒரு மில்லிமீட்டர் குறைந்தது யார் கண்ணுக்கும் தெரியாது. 5 டன் தொழுஉரம் வாங்கப் போனால் விலை தெரியும்.

இறக்கத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகிறது. ஓடும் தண்ணீரும் அப்படித்தான். வேகம் கூடக்கூட அது தூக்கிப் போகும் மண் பல மடங்கு பெருகும். செங்குத்தான சின்ன இறக்கத்தைவிட, தடையில்லாத நீண்ட இறக்கத்தில்தான் நான் அதிகம் பயந்தேன். 5 சதவீதம்தான், ஆனால் நீளம் காரணமாக வேகம் சேர்ந்துகொண்டே போகும். வயலிலும் சரிவின் அளவோடு சரிவின் நீளத்தையும் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு புல் பட்டை வந்தால் தண்ணீர் அங்கே வேகம் இழந்து, தூக்கி வந்த மண்ணை இறக்கிவிட்டுப் போகும்.

அல்சாஸில் பல தோட்டங்கள் செய்வது இதுதான்: ஒரு இடைவெளியில் நிரந்தரமாகப் புல், அடுத்த இடைவெளியில் மேலாக உழவு, இப்படி மாற்றி மாற்றி. அறுவடை சமயத்தில் கம்பு போன்ற ரை தானியம், பயறு வகைகள், குளோவர் கலந்து விதைக்கிறவர்களும் உண்டு. வசந்தத்தில் அது இடுப்பளவு வந்ததும் வெட்டாமல் உருளை ஓட்டிச் சாய்த்துவிடுகிறார்கள். நம்மாழ்வார் ஐயா சொல்லிக்கொடுத்த பல தானிய விதைப்பின் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் மடக்கி உழுகிறோம், அவர்கள் சாய்த்து மூடாக்காக விடுகிறார்கள். சரிவில் சாய்ப்பதுதான் மேல் என்பது என் கட்சி.

புல் தண்ணீரைக் குடிக்காதா? குடிக்கும். அது நியாயமான பயம்தான். எல்லா இடைவெளியிலும் புல் விடாததற்குக் காரணமே அது. இளங்கொடியின் தூரை முதல் இரண்டு மூன்று வருடம் சுத்தமாக வைக்கிறார்கள். வறண்ட வருடத்தில் புல்லைக் குட்டையாக வெட்டி அங்கேயே போடுகிறார்கள். உயிர் மூடாக்கை நீருக்குத் தக்கபடி உலர்ந்த மூடாக்காக மாற்றத் தெரிந்தால் பயம் வேண்டாம்.

மண் போவதில் நாம் யோசிக்காத இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. போர்டோ கலவை நம் திராட்சைக்காரர்கள் அனைவருக்கும் பழக்கம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த இதை 1885 வாக்கில் பிரான்சில்தான், போர்டோ பகுதியில்தான் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்தாகக் கண்டுபிடித்தார்கள். இயற்கை விவசாயத்திலும் அதற்கு அனுமதி உண்டு. ஆனால் தாமிரம் மக்காது. மேல்மண்ணிலேயே தங்கிச் சேரும், அதிகமானால் மண்புழுவுக்கு ஆகாது. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஹெக்டேருக்கு 7 வருடத்தில் மொத்தம் 28 கிலோ தாமிரம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. மேல்மண் கரைந்தால் அந்தத் தாமிரமும் சேர்ந்து ஓடைக்குத்தான் போகும். இயற்கை விவசாயம் என்று பலகை மாட்டிவிட்டு வெறும் தரையாகச் சரிவை வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அல்சாஸின் இயற்கை வழிக்கு வயது அதிகம். நாங்கள் கடந்துபோன பெர்க்ஹோல்ஸ் கிராமத்தில் ஒய்ஜென் மேயர் என்பவர் பூச்சிமருந்தால் உடல் பாதிக்கப்பட்ட பிறகு, 1969-லேயே ரசாயனத்தை விட்டு உயிராற்றல் வேளாண்மைக்கு மாறினார். ஊர் சிரித்திருக்கும். இப்போது அல்சாஸ் திராட்சைப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இயற்கை வழியில் இருக்கிறது.

எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே பல தோட்டங்களில் கொடி வரிசைகள் மேலிருந்து கீழாக, தண்ணீர் ஓடும் திசையிலேயே இருக்கின்றன. செங்குத்துச் சரிவில் டிராக்டர் குறுக்கே போனால் கவிழும் என்பதால் வந்த ஏற்பாடு அது. புல் இல்லாவிட்டால் ஒவ்வொரு இடைவெளியும் ஒரு வாய்க்கால்தான். தான் ஊருக்கு மேலே ராங்கன் என்ற சரிவில் இரண்டு கையும் ஊன்றி ஏற வேண்டும் போலிருக்கிறது. அங்கே கல் அடுக்கிப் படிகட்டி வைத்திருக்கிறார்கள். நம் நிலங்கள் பெரும்பாலும் அவ்வளவு சரிவு கிடையாது. குறுக்கே உழலாம், குறுக்கே நடலாம்.

உங்கள் நிலத்தின் சதவீதத்தைக் காண சைக்கிள் தேவையில்லை. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். சரிவின் போக்கில் 10 மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு குச்சி நடுங்கள். குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனைகளையும் குச்சிகளில் பிடித்து, தண்ணீர் நின்ற மட்டத்தைக் குறியுங்கள். தரையிலிருந்து அந்தக் குறி ஒன்றில் 60 செ.மீ., மற்றதில் 100 செ.மீ. என்றால் வித்தியாசம் 40 செ.மீ. பத்து மீட்டருக்கு 40 செ.மீ. என்றால் 4 சதவீதம். என் நிலம் சரியாக அதுதான். பார்க்கிறவர்கள் சமநிலம் என்பார்கள்.

ஒரு மீட்டர் இறக்கத்துக்கு ஒரு புல் பட்டை என்று கணக்கு வைத்தால் 4 சதவீதத்தில் 25 மீட்டருக்கு ஒன்று வரும், 8 சதவீதத்தில் பன்னிரண்டரை மீட்டருக்கு ஒன்று. பட்டை நேர்கோட்டில் போகக் கூடாது, அதே டியூப் லெவலால் சமமட்டம் பார்த்து வளைந்து போகட்டும். வெட்டிவேர் என்றால் தூருக்குத் தூர் 10 முதல் 15 செ.மீ., இடைவெளி விழாமல். மாடு இருக்கிறவர்கள் கொழுக்கட்டைப் புல் போடலாம். ஆடியில் ஒரு மழை கிடைத்ததும் நட்டு, ஐப்பசி மழைக்கு முன் தூர் பிடிக்க விடுங்கள்.