நீச்சற்குளத்துப் பம்பும் அதன் நோய்முதலும்

இலக்கியம் பயிலும் மாணவர்க்கு யந்திரத்தோடு என்ன உறவு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுக்கப்பட்ட முறை, ஓடாது நின்ற ஒரு மோட்டாருக்கும் முற்றும் பொருந்துவதைச் சென்ற கோடையில் நாம் நேரிற் கண்டோம். அன்று கண்டதையும் அதன்பின் கற்றதையும் நம் தோழர்க்குப் பயன்படுமாறு இங்கு எழுதலுறுகின்றோம்.

நமது விடுதியை அடுத்த நீச்சற்குளத்தின் நீரை இழுத்து, மணல் வடிகட்டியின் வழியே செலுத்தி, மீண்டும் குளத்திற் சேர்ப்பது ஒரு பம்பு. அது நின்றுவிடின் குளோரின் நீரெங்கும் பரவாது; கோடை வெயிலிற் சில நாட்களுக்குள்ளே பாசி படர்ந்து நீர் பச்சை நிறமெய்தும். ஒருநாட் காலை சுவிட்சைப் போட்டபோது, மோட்டார் ‘உம்’ என்று முரன்றதேயன்றிச் சுழலவில்லை. எங்களுள் ஒருவர், “காயில் எரிந்துவிட்டது, புது மோட்டார்தான் வாங்க வேண்டும்” என்று தீர்ப்புக் கூறினார். மற்றொருவர் ஈரக்காலோடு நின்றபடியே மூடியைக் கழற்ற முற்பட்டார். அவ்வேளையில் அங்கு வந்த முதிய எலக்ட்ரீஷியன், “தம்பி, கையை எடுங்கள்! மெயினை நிறுத்தாமல் மூடியைத் தொடலாமா?” என்று அதட்டினார். பின்னர் மெயினை நிறுத்திவிட்டு, “மோட்டார் என்ன சொல்கிறது என்று முதலில் காதால் கேளுங்கள்” என்றார். அவர் வாயிலாக நாம் அறிந்த குறிகள் மூன்று.

முதற்குறி மௌனம். சுவிட்சைப் போட்டும் ஒலியே எழவில்லையாயின், மின்சாரம் மோட்டாரை அடையவில்லை, அல்லது அடைந்தும் உள்ளே வழி அறுந்துள்ளது என்று கொள்ளல் வேண்டும். மெயின் சுவிட்சு, பியூஸ், டைமர் ஆகியவற்றை வரிசையாக நோக்குக. டெஸ்டர் ஒளிர்வதை மட்டும் நம்புதல் தகாது. நியூட்ரல் கம்பி அறுந்திருப்பினும் அது ஒளிரும். மோட்டாரின் உடல் தொடவொண்ணாதபடி கொதித்திருப்பின், உள்ளிருக்கும் வெப்பக் காப்பு மின்சாரத்தைத் துண்டித்திருக்கலாம். சில மோட்டார்கள் ஆறியவுடன் தாமே சுழலத் தொடங்கும். ஆதலின், நின்ற மோட்டார்தானே என்று மெயினை நிறுத்தாது கை வைத்தல் ஆகாது.

இரண்டாவது குறி, சுவிட்சைப் போட்ட கணமே பிரேக்கர் விழுதல். காயிலில் ஷார்ட் இருத்தல் கூடும்; அன்றி, ஈரத்தால் மின்சாரம் எர்த்துக்குக் கசிதலும் கூடும். மனிதரைக் காத்தற்பொருட்டு அமைக்கும் கசிவுக்காப்புச் சுவிட்சு பெரும்பாலும் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே இணைப்பை அறுத்துவிடும். அதனைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவதும், அதனை விலக்கி நேரே கம்பி கொடுப்பதும் பெரும் பிழையாம். நனைந்த உடம்போடு பலர் இறங்கும் நீரோடு தொடர்புற்ற பொறியன்றோ இது? அச்சுவிட்சு விழுவதைத் தொல்லையென்று எண்ணாது, ஓருயிரைக் காக்கும் எச்சரிக்கையென்று எண்ணுக.

மூன்றாவது குறி, நாம் கேட்ட முரற்சி. இதனை உணரச் சிறிது பௌதிகம் வேண்டும். வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் ஒற்றைப் பேஸ் மின்சாரம் காயிலிற் பாயும்போது, காந்தப்புலம் ஒரே நேர்கோட்டில் ஏறியும் இறங்கியும் அலையுமேயன்றிச் சுழலாது. அசையாது நிற்கும் தண்டுக்கு இடமாகச் சுழல்வதா, வலமாகச் சுழல்வதா என்று உணர்த்துவார் இல்லை. ஆகவே தொடக்கக் காயில் ஒன்றைத் தனியே சுற்றி, அதனோடு கண்டென்ஸரை இணைத்திருக்கின்றனர். கண்டென்ஸரால் அக்காயிலின் மின்னோட்டம் சற்று முந்துகின்றது. இரு காயில்களின் புலங்களும் கூடிச் சுழற்சி பிறக்கின்றது. முழு வேகத்தின் முக்காற்பங்களவை எய்தியதும், தண்டின் மீதுள்ள ஒரு சுவிட்சு மையவிலக்கு விசையால் விலகித் தொடக்கக் காயிலைத் துண்டித்துவிடும்.

ஆகவே முரற்சி கேட்பின், மின்சாரம் வந்திருக்கின்றது. ஆயினும் தண்டு இறுகியிருத்தல் வேண்டும், அல்லது தொடக்க உறுப்புக்களுள் ஒன்று பழுதுற்றிருத்தல் வேண்டும். வோல்ட் மிகக் குறைந்திருத்தலும் உண்டு. அந்நிலையிற் சுவிட்சைப் போட்டபடி விடுதல் கேடு. நின்ற மோட்டார் வழக்கத்தினும் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், நல்ல காயிலும் கருகிவிடும்.

நிற்க. எலக்ட்ரீஷியன் பின்புற விசிறியைப் பற்றித் தண்டைக் கையாற் சுழற்றினார். அது எளிதிற் சுழன்றது. எனவே இம்பெல்லரிற் கல்லோ சருகோ சிக்கவில்லை, பேரிங்கும் துருப்பிடித்து இறுகவில்லை என்பது தெளிவாயிற்று. அடுத்து, மெயின் நின்ற பின்னும் கண்டென்ஸரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்று எச்சரித்து, அதனை ஒரு மின்தடையின் வழியே வடித்துவிட்டு, மீட்டரால் அளந்தார். அதன்மேல் அச்சிட்ட அளவே காட்டியது. “இனி எஞ்சியது சுவிட்சுதான்” என்று பின்மூடியைத் திறந்தார். அங்கே, ஒன்றையொன்று தொட வேண்டிய இரு முனைகளுக்கும் இடையே நசுங்கிக் கருகிய எறும்புகள் அடர்ந்து கிடந்தன! அவை தடுத்தமையால் தொடக்கக் காயிலுக்கு மின்சாரம் செல்லவில்லை.

ஒரு பழைய தூரிகையும் சிறிது உப்புத்தாளுமே அன்று வேண்டிய மருந்தாயின. முனைகளைத் துடைத்து மூடியைப் பூட்டி மெயினைப் போட்டதும், பம்பு முன்போல் ஓடிற்று. காயில் எரிந்தது என்ற தோழர் நாணி நகைத்தார். ஈரக்காலோடு நின்றவரோ நகைக்கவில்லை. தாம் தொடவிருந்தது எது என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தார்.

காரணத்தை அறியுமுன் தீர்ப்புக் கூறியவர்க்கு ஒரு மோட்டாரின் விலை வீணாகியிருக்கும். மெயினை நிறுத்துமுன் கை நீட்டியவர்க்கோ உயிரே போயிருக்கும். பழுது பார்த்தற்கு உரியவர் வரும்வரை மெயினை நிறுத்தி விலகி நிற்பதும், அவர் வந்தபின் கேட்ட ஒலியைப் பிழையின்றி எடுத்துரைப்பதும் நம்மனோர் செய்யத்தக்க உதவியாம்.