முதலில் கூரை, பிறகு சுவர், கடைசியில் வண்ணம்

எங்கள் வீடு கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கிறது. பழைய ஓட்டு வீடு. அப்பா பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவருக்கு விடுமுறை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மே மாதம், அக்காவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். கூடத்துச் சுவர் கறை பிடித்துக் கிடந்தது. அம்மா சீட்டுப் பணத்தை எடுத்தார். பெயிண்ட் வாங்கினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து அடித்தோம். சுவர் இளம்பச்சை நிறத்தில் பளபளத்தது. வந்தவர்கள் பாராட்டினார்கள்.

ஜூன் மாதம் மழை பிடித்தது. சுவரில் சிறு சிறு கொப்புளங்கள் எழும்பின. ஓணம் வருவதற்குள் பெயிண்ட் அப்பளம் போல உரிந்து விழுந்தது. சீட்டுப் பணம் தரையில் கிடந்தது.

அன்று பாட்டி பெயிண்டின் காலி டப்பாவைக் கையில் எடுத்தார். பாட்டி சிறு வயதில் பள்ளிக்குப் போனவர் அல்ல. எர்ணாகுளம் மாவட்டத்தில் நடந்த எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்துப் படித்தவர். 1990 பிப்ரவரி 4ஆம் நாள் இந்த மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் எங்கள் பாட்டியும் ஒருவர். அவர் டப்பாவின் பின்புறம் இருந்த பொடி எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். சுவரில் ஈரக்கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், நன்றாகக் காய்ந்த பிறகே பூச வேண்டும் என்று அதில் இருந்தது.

"இந்த வீட்டிலே படிச்சவங்க நாலு பேர். டப்பாவைப் படிக்க ஒருத்தருக்கும் நேரமில்லே" என்றார் பாட்டி.

நான் மற்றவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் தொண்டர். அந்தச் சொல் எனக்குத்தான் அதிகம் சுட்டது. அடுத்த ஆண்டு நாங்கள் வேறு வரிசையில் வேலை செய்தோம். அந்த வரிசையைத்தான் இந்தப் பாடத்தில் சொல்கிறேன்.

1. ஈரம் எங்கிருந்து வருகிறது?

சுவரில் ஈரம் வர நான்கு வழிகள் உண்டு.

மேலே இருந்து வரலாம். ஓடு உடைந்திருந்தால் மழைநீர் சுவருக்குள் இறங்கும். இந்தக் கறை சுவரின் மேல்பகுதியில் தொடங்கும்.

கீழே இருந்து வரலாம். திரி எண்ணெயை உறிஞ்சுவது போலச் சுவர் தரையிலுள்ள நீரை உறிஞ்சும். கொச்சி கடலும் காயலும் சூழ்ந்த தாழ்வான ஊர். இங்கே இந்தத் தொல்லை அதிகம். கறை தரையில் இருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை இருக்கும்.

வெளியே இருந்து வரலாம். சுவரில் வெடிப்பு இருந்தாலோ, சுவரை ஒட்டி மண் குவிந்திருந்தாலோ நீர் உள்ளே வரும்.

உள்ளே இருந்தும் வரலாம். சமையல் ஆவி, ஈரத்துணி, குளியலறை ஆகியவற்றின் ஈரம் காற்றோட்டம் இல்லாத அறையில் சுவரில் படியும்.

எந்த வழி என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. கை அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் தாளை எடுங்கள். அதைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் அறையில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும். தாளின் உள்பக்கம், சுவரைத் தொடும் பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது.

எங்கள் சுவரில் உள்பக்கம்தான் நனைந்திருந்தது.

2. முதல் வேலை: கூரை

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1ஆம் தேதி வாக்கில் தொடங்கும். ஆகவே பிப்ரவரி, மார்ச் மாதங்களே கூரை வேலைக்கு ஏற்றவை.

பட்டப்பகலில் கதவு ஜன்னல்களை மூடுங்கள். அண்ணாந்து பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரியும் இடத்தில் ஓட்டை இருக்கிறது. நீர் சொட்டும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. நீர் மரச்சட்டத்தின் வழியே ஓடிச் சற்றுக் கீழே வந்து சொட்டும். ஆகவே சொட்டும் இடத்துக்கு மேலேயும் தேடுங்கள்.

எங்கள் கூரையில் இருப்பது மங்களூர் ஓடு. 1865இல் பாசல் மிஷன் என்ற அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அதிலிருந்து இந்த வகை ஓட்டுக்கு அந்தப் பெயர் வந்தது. ஒரு தொழிற்சாலையின் ஓடு மற்றொன்றின் ஓட்டோடு சரியாகப் பொருந்தாமல் போகலாம். ஓட்டின் ஒரு பக்கத்தில் தொழிற்சாலையின் பெயர் அச்சாகி இருக்கும். அதைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். உடைந்த ஓட்டையும் கடைக்குக் கொண்டு போங்கள். பழைய ஓடு விற்கும் கடையில் அதே பெயருள்ள ஓடு கிடைக்கலாம்.

தாழ்ந்த கூரையில் ஓட்டை உள்ளே இருந்தே மாற்றலாம். ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் ஓட்டைச் சற்றுத் தூக்கி, உடைந்ததை உருவி எடுத்து, புதியதைச் செருக வேண்டும். ஓட்டின் அடியில் உள்ள குமிழ் சட்டத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அது மாட்டவில்லை என்றால் ஓடு நழுவும்.

ஓட்டின் மேல் ஏறி நடக்காதீர்கள். பாசி வழுக்கும், ஓடும் உடையும். உயரமான கூரை என்றால் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கூலியை மிச்சம் பிடிக்கப் போய்க் காலை ஒடித்துக்கொள்ள வேண்டாம்.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பதினோரு ஓடுகளை மாற்றினார். நான் ஏணியைப் பிடித்தேன். அடுத்த ஞாயிறு தகரப் பாத்தியில் இருந்த சருகுகளை அள்ளினோம். சுவரை ஒட்டிக் கிடந்த மண்ணை வெட்டி எடுத்து, நீர் தெருப்பக்கம் ஓடும்படி சரிவு செய்தோம்.

3. இரண்டாவது வேலை: சுவர்

எங்கள் சுவர் வெட்டுக்கல்லால் கட்டியது. பூச்சு சுண்ணாம்புப் பூச்சு. முன்பு ஒருமுறை கீழ்ப்பகுதி உதிர்ந்தபோது மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். "சிமெண்ட் போட்டால் ஈரம் நிற்கும்" என்று நம்பினோம். ஆனால் ஈரம் சிமெண்டைத் தாண்டி நாலரை அடிக்கு ஏறியது.

காரணம் இதுதான். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் உண்டு. சுவருக்குள் வந்த ஈரம் அவற்றின் வழியே ஆவியாகி வெளியேறும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைக்கும். ஈரம் வெளியேற இடம் தேடி மேலே ஏறும். பளபளக்கும் பெயிண்டும் இதையேதான் செய்கிறது. நாங்கள் பூசிய பெயிண்ட் கொப்புளம் விட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுப்பது பழகாத கைக்கு ஆகாது. ஒரு நாளைக்குக் கொத்தனாரை வைத்துக்கொண்டோம். அவர் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல் கலந்து பூசினார். கடல் மணல் கூடாது. அதில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுக்கும்.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பை நாங்களே காய்ந்த தூரிகையால் தேய்த்து எடுத்தோம். நீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போகும். தேய்த்த உப்பை முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள்.

புதுப் பூச்சின் மேல் சில நாட்கள் லேசாக நீர் தெளித்தோம். பிறகு காய விட்டோம். அம்மா அவசரப்பட்டார். பாட்டி விடவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தோம். இந்த வேலையில் காத்திருப்பதும் ஒரு வேலைதான்.

4. மூன்றாவது வேலை: வெள்ளை அடித்தல்

கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். வேம்பநாட்டுக் காயல் கரையில் இது பழைய தொழில். சுட்ட சுண்ணாம்பில் நீர் பட்டால் கொதிக்கும். அதன் பெயர் நீற்றுதல். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால் அது காற்றில் உள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்லக் கல்லாக இறுகும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் நீற்றிய சுண்ணாம்பாகவே வாங்குங்கள். அதை நீரில் கரைத்து ஓர் இரவு வையுங்கள். மறுநாள் துணியில் வடிகட்டுங்கள். பால் போல நீர்க்க இருக்க வேண்டும். பிடிப்புக்குச் சிறிது உப்புச் சேர்ப்பது வழக்கம். ஈரம் பிடிக்கும் சுவருக்கு உப்பு வேண்டாம். பசை மட்டும் போதும். வெண்மை எடுப்பாகத் தெரியச் சிறிது நீலம் சேருங்கள்.

பழைய பெயிண்ட் மேல் சுண்ணாம்பு ஒட்டாது. அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுவரைச் சிறிது நனைத்துவிட்டு மட்டையால் மெல்லியதாக அடியுங்கள். அடிக்கும்போது நிறம் தெரியாது. காயக் காயத்தான் வெளுக்கும். கனமாக ஒருமுறை அடித்தால் வெடிக்கும். மெல்லியதாக இரண்டு மூன்று முறை அடித்தால் நிற்கும். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

கடைசி ஞாயிறு அம்மாவின் நாள். சுவரின் அடியில் ஓர் அடி உயரத்துக்குக் காவிப் பட்டை அடித்தார். அதன் மேல் வெள்ளைக் கோடு இழுத்தார். உடைந்த ஜன்னல் கதவின் பலகையை அப்பா இழைத்து மாடம் போல ஒரு தட்டு செய்தார். என் புத்தகங்கள் அதில் ஏறின.

5. கணக்குப் போடுவோம்

அறையின் நீளம் 10 அடி. அகலம் 8 அடி. சுவரின் உயரம் 9 அடி.

நான்கு சுவரின் சுற்றளவு: 10 + 8 + 10 + 8 = 36 அடி.
சுவரின் பரப்பு: 36 × 9 = 324 சதுர அடி.
ஒரு கதவு: 3 × 7 = 21 சதுர அடி.
இரண்டு ஜன்னல்: 3 × 4 × 2 = 24 சதுர அடி.
பூச வேண்டிய பரப்பு: 324 – 45 = 279 சதுர அடி.
இரண்டு முறை பூச: 279 × 2 = 558 சதுர அடி.

வாங்கும் டப்பாவில் 1 லிட்டர் 100 சதுர அடிக்கு வரும் என்று எழுதியிருந்தால் 6 லிட்டர் போதும். கடைக்காரர் 10 லிட்டர் எடுக்கச் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

6. கவனம்

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் உடனே நல்ல நீரால் 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். பிறகு தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வேலை செய்யும்போது கண்ணாடியும் கையுறையும் போடுங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈயத்தூள் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டை உப்புத்தாள் கொண்டு காய்ச்சலாகத் தேய்க்காதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள். முகத்தில் முகமூடி அணியுங்கள். தூளை ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அருகில் விடாதீர்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை அறுக்காதீர்கள், துளையிடாதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

ஈரச் சுவரில் உள்ள மின்சுவிட்சைத் தொடாதீர்கள். அந்த வேலை மின்பணியாளருக்கு உரியது.

வாடகை வீடு என்றால் உரிமையாளரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

7. பழுது பார்த்தவர் பெயர்

எங்கள் வீட்டில் இருந்து நடந்து போகும் தூரத்தில் மட்டாஞ்சேரி அரண்மனை இருக்கிறது. 1555ஆம் ஆண்டு வாக்கில் போர்த்துக்கீசியர் அதைக் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தார்கள். 1663இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதைப் பழுது பார்த்தார்கள். இன்று ஊரார் அதை என்னவென்று சொல்கிறார்கள்? டச்சு அரண்மனை என்கிறார்கள். கட்டியவர் பெயரை விட்டுவிட்டுப் பழுது பார்த்தவர் பெயரைச் சொல்கிறார்கள்.

எங்கள் சுவர் அதன் பிறகு இரண்டு மழைக்காலம் கண்டுவிட்டது. கீழே ஓரிடத்தில் மட்டும் லேசாக ஈரம் தெரிகிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கை வெள்ளை அடித்தால் போதும். அக்கா பிறந்த வீட்டுக்கு வரும்போது அந்தச் சுவரில் சாய்ந்துதான் உட்காருகிறாள். அம்மா பழைய டப்பாவைத் தூக்கிப் போடவில்லை. அதில் உப்புத்தாளும் மட்டையும் இருக்கின்றன. எழுத்துள்ள பக்கம் வெளியே தெரியும்படி பாட்டி அதைத் திருப்பி வைத்திருக்கிறார்.

சொல் அறிவோம்

கசிவு – நீர் மெல்ல ஊறி வெளிவருதல்
நீற்றுதல் – சுட்ட சுண்ணாம்பில் நீர் சேர்த்துப் பொடியாக்குதல்
மட்டை – வெள்ளை அடிக்கப் பயன்படும் நார்த் தூரிகை
பாத்தி – கூரை நீரை வாங்கி வெளியேற்றும் தகரக் கால்வாய்
காவி – செம்மண் நிறப் பொடி

விடை சொல்லுங்கள்

1. முதல் முறை அடித்த பெயிண்ட் ஏன் உரிந்தது?
2. சுவரில் பூத்த உப்பை ஏன் நீர் விட்டுக் கழுவக் கூடாது?
3. நீர் சொட்டும் இடத்துக்கு மேலேயும் ஏன் ஓட்டையைத் தேட வேண்டும்?
4. எந்தெந்த வேலைக்கு வேலை தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் ஓர் அறையை அளந்து பூச வேண்டிய பரப்பைக் கணக்கிடுங்கள். வீட்டில் உள்ள ஏதாவது ஒரு டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள். அதில் கண்ட எச்சரிக்கை ஒன்றை நோட்டில் எழுதி, அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.