அறிவை அளக்கும் கோல்

காவிரி கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்த பூம்புகார், பண்டைச் சோழரின் பெருந்துறைமுகமாய்த் திகழ்ந்தது. கடல்வழி வந்த பண்டங்களையும், கடல் கடந்து செல்லவிருந்த பண்டங்களையும் சுங்கம் கொள்வோர் அளந்து, புலிப்பொறி இட்டனர் என்று பட்டினப்பாலை கூறுகின்றது. மிளகுப் பொதியை நிறுத்து அறியலாம். நெல்லை மரக்காலால் அளக்கலாம். அறிவியல் அறிஞர் ஒருவர் உலகிற்கு அளித்த கருத்தை எக்கோல் கொண்டு அளப்பது? இவ்வினாவிற்கு விடை தேடும் துறைக்கு வித்திட்டோருள் ஒருவர், பூம்புகாருக்கு அணித்தேயுள்ள சீர்காழியிற் பிறந்தவர் என்பதைப் பலர் அறியார்.

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவோர், தமக்கு முன்னர் அப்பொருளை ஆராய்ந்தோர் எவர் என்பதைக் கட்டுரையின் இறுதியிலோ அடிக்குறிப்பிலோ சுட்டுதல் மரபு. இதனை மேற்கோள் என்பர். வாங்கிய கடனை மறவாது கணக்கில் எழுதி வைக்கும் வணிகனின் செயலை இஃது ஒக்கும். ஒருவருடைய கட்டுரையைப் பின்வந்தோர் எத்தனை முறை இவ்வாறு சுட்டினர் என எண்ணினால், அக்கட்டுரை எவ்வளவு தொலைவு பாய்ந்தது என்பது ஒருவாறு புலப்படும்.

இவ்வெண்ணிக்கை முதலில் அறிஞரைத் தரம் பிரிக்க எழுந்ததன்று. 1927-ஆம் ஆண்டில் அமெரிக்கர் இருவர், கல்லூரி நூலகத்திற்கு எந்த வேதியியல் இதழ்களை வாங்குவது என்று அறியவே மேற்கோள்களை எண்ணினர். கையில் இருந்த பணமோ சிறிது. வெளிவந்த இதழ்களோ பல. எளிய இத்தேவையிலிருந்தே பெரியதோர் ஆராய்ச்சி முறை கிளைத்தது.

சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியிற் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். கணிதத்தை விட்டு நூலகம் புகுந்த அவர், கணிதத்தையும் உடன் கொண்டு சென்றார் எனலாம். நூல்களைப் பொருள்வாரியாகப் பகுக்கும் கோலன் பகுப்பு முறையை 1933-இல் வெளியிட்டார். 1948-இல் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா நகரில் நடைபெற்ற மாநாட்டில், நூலகப் பணிகளையும் எண்ணிக் கணித்து ஆராய வேண்டும் என எடுத்துரைத்து, அத்துறைக்கு ‘லைப்ரமெட்ரி’ என்று பெயரும் இட்டார். நூல்களையும் கட்டுரைகளையும் எண்ணி ஆராயும் இக்காலத் துறையின் முன்னோடிகளுள் அவரும் ஒருவராக மதிக்கப்படுகின்றார்.

அமெரிக்க நாட்டு யூஜின் கார்பீல்டு, மேற்கோள்களை எல்லாம் தொகுத்து அட்டவணையாக்கலாம் என்று 1955-இல் எழுதினார். அந்நாட்டு வழக்கறிஞர், ஒரு தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகள் ஏற்றனவா மறுத்தனவா எனக் காணும் அட்டவணை ஒன்றை 1873 முதலே பயன்படுத்தி வந்தனர். அதுவே அவருக்கு வழிகாட்டியது. 1960-களில் அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவந்தது. தொடர்புடைய கட்டுரைகளைத் தேடிக் காண்பதே அதன் முதல் நோக்கம். பதவிக்கும் பரிசிற்கும் உரியோரைத் தெரிய அதனைப் பயன்படுத்தும் வழக்கம் பின்னர்ப் பரவியது. இயற்பியலறிஞர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் ‘எச் எண்’ என்னும் அளவைக் கூறினார். ஒருவர் எழுதியவற்றுள் பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்து முறையேனும் சுட்டப்பட்டு, பதினொன்றுக்கு அவ்வாறு அமையாவிடின், அவருடைய எண் பத்து ஆகும்.

எளிய கணக்குத்தான்; ஆயினும் அதிலுள்ள சிக்கல் சிறிதன்று. ஒரு கட்டுரை பிழையுடையது என்று மறுப்பவரும் அதனைச் சுட்டியே மறுப்பர். கணக்கில் அதுவும் ஒன்றாகவே சேரும். தம் கட்டுரையைத் தாமே மீண்டும் மீண்டும் சுட்டிக்கொள்வாரும் உளர். கூட்டாராய்ச்சியிலோ சிக்கல் பன்மடங்காகும். இராமன் விளைவைப் பற்றி 1928-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த குறிப்பில் இராமன், கிருஷ்ணன் என்னும் இருவர் பெயர்களே இருந்தன. ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015-இல் வெளிவந்த கட்டுரை ஒன்றிலோ ஐயாயிரத்திற்கும் மேற்பட்டோர் பெயர்கள் உள்ளன! அக்கட்டுரையைச் சுட்டும் ஒவ்வொரு மேற்கோளும் அவர்கள் அனைவர் கணக்கிலும் முழுமையாக ஏறுதல் முறையா? பங்கிட்டுக் கொடுப்பதெனின், யாருக்கு எவ்வளவு? இவற்றிற்கு அனைவரும் ஏற்கும் விடை இன்னும் பிறக்கவில்லை.

காவிரிக்கரைக் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன் இக்கோலுக்கு அடங்காதவர். (அவருடைய வரலாற்றை 1967-இல் நூலாக எழுதியவரும் அரங்கநாதனே.) இராமானுசன் 1920-இல், தம் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அவர் வெளியிட்ட கட்டுரைகள் முப்பத்தேழு. எச் எண் கட்டுரைகளின் தொகையை மிஞ்ச இயலாதாதலின், எத்தனை ஆயிரம் பேர் போற்றிச் சுட்டினும் அக்கட்டுரைகளால் அவர் பெறத்தக்க எண் முப்பத்தேழைத் தாண்டாது. கேம்பிரிட்ஜில் ஹார்டியுடன் கூடி எண்களின் பிரிவினைகளைப் பற்றி 1918-இல் வெளியிட்ட கட்டுரை, இருவரும் தனித்தனியே எட்டியிருக்கக் கூடுமா என்று ஐயுறத்தக்க உயரத்தை எட்டியது. 1916-இல் அவர் ஊகமாகக் கூறிய ஒன்றை டெலின் என்னும் பெல்ஜிய அறிஞர் மெய்ப்பித்தது 1974-இல். இறுதிக் காலத்தில் எழுதிய ஏடுகளோ 1976 வரை கணித உலகின் கவனத்திற்கு வாராது கிடந்தன. இராமானுசன் இறந்து பத்தாண்டு கழித்து ஒருவர் மேற்கோள்களை எண்ணியிருப்பின், அவருடைய பெருமையின் ஒரு சிறு பகுதியே தெரிந்திருக்கும்.

அச்சேறும் கட்டுரைகளிற் புலப்படாத ஆராய்ச்சியும் உண்டு. கும்பகோணத்திற்கு அருகிலுள்ள ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில், ஜப்பானிய நெல்லையும் தமிழகத்து நெல்லையும் கலந்து ‘ஆடுதுறை 27’ என்னும் வகையை உருவாக்கினர். குறுகிய நாளில் முற்றும் அந்நெல், 1960-களில் தஞ்சைப் பகுதியிற் குறுவைப் பயிராகப் பரவியது. அதனை விதைத்த உழவர், நாற்றங்காலில் அடிக்குறிப்பு எழுதி வைக்கவில்லை. அவ்வாராய்ச்சியின் பயனைக் காண விரும்புவோர் அட்டவணையைப் புரட்டிப் பயனில்லை. விதைத்த நிலத்தின் பரப்பையும், களத்தில் அளந்த நெல்லையும், மறு ஆண்டிற்கென விதையைத் தேடி வந்தோர் தொகையையுமே கேட்டறிதல் வேண்டும்.