பழைய மான்டே பெல்லோவைத் திறக்கும் முறை

நல்ல ஒயினை வாங்குவதில் பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை. பணம் இருந்தால் கிடைத்துவிடும். பத்திருபது வருடம் பொறுமையாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். தடுமாறுவது திறக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். விருந்தாளிகள் வந்தபிறகு அலமாரியிலிருந்து பாட்டிலை எடுப்பார்கள், சாதாரணத் திருகாணியைக் கார்க்கில் இறக்குவார்கள், கலங்கிய ஒயினை அப்படியே கிளாஸில் ஊற்றுவார்கள். அதைப் பல வீடுகளில் பார்த்த வருத்தத்தில் எழுதுகிறேன்.

கலிஃபோர்னியாவின் ரிட்ஜ் நிறுவனம் தயாரிக்கும் மான்டே பெல்லோவை எடுத்துக்கொள்கிறேன். குப்பர்டினோவில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு மேற்கே தெரிகிற சாண்டா குரூஸ் மலைத்தொடரில்தான் அந்தத் தோட்டம் இருக்கிறது. ஓசியா பெரோன் என்ற சான்ஃபிரான்சிஸ்கோ மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே மலையைப் படிப்படியாக வெட்டிக் கொடி நட்டார். 1959இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் சிலர் அங்கே நிலம் வாங்கினார்கள். 1962 அறுவடையிலிருந்து ரிட்ஜ் பெயரில் ஒயின் வருகிறது. 1969இல் சேர்ந்த பால் டிரேப்பர் அதற்கு இன்றைய முகத்தைக் கொடுத்தார்.

பெரும்பங்கு கேபர்னே சாவின்யோன். கூடவே மெர்லோ, பெட்டி வெர்டோ, கேபர்னே ஃப்ராங்க். எல்லாமே அந்த ஒரே மலைமுகட்டுத் தோட்டத்தில் விளைந்தவை. ஒவ்வொரு துண்டு நிலத்தின் பழத்தையும் தனியாக நொதிக்க வைத்து, பிறகு சுவைத்துப் பார்த்து, சேர வேண்டியதை மட்டும் சேர்க்கிறார்கள். ஒதுக்கப்பட்டது 'எஸ்டேட்' என்ற பெயரில் தனியாக விற்பனைக்குப் போகும். குளிர்ந்த மலைக்காற்றும் சுண்ணாம்புக்கல் கலந்த மண்ணும் பழத்தின் புளிப்பைக் காப்பாற்றுகின்றன. அந்தப் புளிப்பும் துவர்ப்பும்தான் நீண்ட ஆயுளுக்குக் காரணம். சான்று வேண்டுமானால், 1976 பாரிஸ் போட்டியில் 1971ஆம் ஆண்டு மான்டே பெல்லோவுக்கு ஐந்தாவது இடம். 2006இல் அதே ஒயின்களை மறுபடி சுவைத்தபோது அதற்கு முதலிடம்.

பழைய பாட்டிலை ஏலத்திலோ கடையிலோ வாங்கினால் மூன்றைப் பாருங்கள். ஒயின் கழுத்து வரை நிற்கிறதா? கார்க் மேலே துருத்தியிருக்கிறதா? மூடியைச் சுற்றி ஒழுகிய கறை உண்டா? ஒயின் தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருந்தாலோ கார்க் துருத்தியிருந்தாலோ விட்டுவிடுங்கள். முன்பு எங்கே வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வாங்க வேண்டாம். புதிதாக வாங்குகிறவர்கள் ஒரே வருடத்தில் மூன்று பாட்டில் வாங்க வேண்டும். ஒரே ஒரு பாட்டில் இருந்தால் திறக்க மனசு வராமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பீர்கள். முதலாவதைப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் தொடாதீர்கள்.

சேமிப்பு எளிது. 13 டிகிரி செல்சியஸ், இருட்டு, படுக்கை வசம். வெப்பம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருப்பதுதான் முக்கியம். சமையலறையில் ஃபிரிட்ஜ் மேலேயும் கராஜிலும் வைக்கவே கூடாது. ஒயினுக்கென்று இருக்கும் சிறிய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

இனி திறப்பது.

வருடங்கள் போகப்போக நிறமியும் டானினும் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து, வண்டலாகப் படியும். படுத்திருந்த பாட்டிலில் அது பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். அதனால் இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, வண்டல் அடியில் இறங்க விடுங்கள். இந்தப் படிக்கு மாற்று கிடையாது. நண்பர் வீட்டு விருந்துக்கு என்றால் முந்தின வாரமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அன்று மாலை காரில் மடியில் வைத்துக் கொண்டுபோன பழைய ஒயின் கலங்கித்தான் வரும்.

பரிமாறும்போது 17 டிகிரி இருந்தால் போதும். ஆகஸ்ட் மாதத்து வீட்டின் சூட்டில் சாராய நெடிதான் முன்னால் நிற்கும். ஒயின் ஃபிரிட்ஜிலிருந்து அரை மணி முன்னால் எடுத்தால் சரியாக இருக்கும்.

மூடியின் உறையைப் பாதி வெட்டாமல் முழுவதும் உரித்துவிடுங்கள். ஊற்றும்போது கழுத்து தெரிய வேண்டும். உறைக்குக் கீழே கார்க்கின் தலையில் கறுப்பாகப் பூஞ்சை இருந்தால் பயப்பட வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

இருபது வருடக் கார்க்கில் திருகாணியை மட்டும் நம்பாதீர்கள். நடுவில் பொத்துக்கொண்டு தூளாகும். இரண்டு தகடு கொண்ட 'ஆ-சோ' வாங்குங்கள். நீளமான தகட்டைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே முதலில் நுழைத்து, பிறகு குட்டையானதை நுழைத்து, இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டி இறக்க வேண்டும். முழுதும் இறங்கியதும் திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் தளர்ந்த கார்க் உள்ளே விழுந்துவிடும். அதனால் முதலில் விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அசைந்தால் ஆ-சோவை மட்டும் பயன்படுத்தக் கூடாது. திருகாணியும் தகடுகளும் சேர்ந்த 'டுராண்ட்' என்ற கருவி அதற்காகவே இருக்கிறது. விலை அதிகம்தான். பழைய பாட்டில்கள் வைத்திருப்பவர் வாங்கத்தான் வேண்டும்.

எவ்வளவு கவனித்தும் கார்க் உடைந்தால், நன்றாக அலசிய மெல்லிய மஸ்லின் துணியில் வடிகட்டலாம். காபிக்கான காகித வடிகட்டியைத் தொடாதீர்கள், காகித வாடை ஒயினில் ஏறும்.

கார்க் வந்ததும் உடனே குடுவையில் சாய்க்காதீர்கள். ஒரு வாய் அளவு கிளாஸில் விட்டு முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் அது கார்க் கெடுத்த ஒயின். காற்றாட வைத்தாலும் போகாது. அடுத்த பாட்டிலைத் திறங்கள்.

பலர் கவிழ்வது அடுத்த இடத்தில். 'சிவப்பு ஒயினை மூன்று மணி நேரம் முன்னால் திறந்து வை' என்ற அறிவுரையை எல்லா பாட்டிலுக்கும் பொருத்திவிடுகிறார்கள். எட்டு வருட மான்டே பெல்லோவுக்கு அது சரி. அதன் துவர்ப்பு இறுகியிருக்கும், காற்றுப் பட்டால் இளகும். முப்பது வருட ஒயினோ கார்க் வழியாகக் காற்றைச் சிறுகச் சிறுக எடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. அதன் மணம் மெல்லியது. தேவதாரு, உலர்ந்த இலை, புகையிலை என்று வரும் அந்த வாசனை, அகலக் குடுவையில் மணிக்கணக்கில் வைத்தால் பறந்துவிடும். சாப்பாடு மேசைக்கு வந்தபிறகு வடியுங்கள். முதல் வாயில் மணம் அடங்கியிருந்தால் கிளாஸிலேயே திறந்துகொள்ளட்டும். நடுவயது பாட்டிலுக்கு, அதாவது பதினைந்து வருடத்துக்கு, ஒரு மணி நேரம் கொடுங்கள்.

வடிக்கும்போது பாட்டிலின் தோளுக்குக் கீழே ஒரு விளக்கு வேண்டும். மெழுகுவர்த்தி அழகு, கைபேசி டார்ச் வெளிச்சம் தெளிவு. எனக்கு டார்ச்தான். குடுவையை வெந்நீரில் மட்டும் அலசியிருக்க வேண்டும், சோப்பு வாடை கூடாது. பாட்டிலைச் சாய்த்தபின் நிறுத்தவோ நிமிர்த்தவோ கூடாது. ஒரே சாய்வில், நூல் போல, நிதானமாக ஊற்ற வேண்டும். மண்டியைக் கலக்காமல் தெளிவு ரசம் இறுத்துகிற கை இருந்தால் இது தானாக வரும். கறுப்பு இழை கழுத்தை நெருங்கியதும் நிறுத்துங்கள். அடியில் ஒரு விரல் அளவு மிஞ்சும். அதை வீணாகிறதே என்று வடிகட்டிக் குடிக்காதீர்கள். கசப்பும் மண்ணும்தான் வாயில் நிற்கும்.

கிளாஸ் பெரியதாக, விளிம்பு மெல்லியதாக இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். 750 மில்லி பாட்டில் நான்கைந்து பேருக்கே வரும் என்பதால் அதற்கு மேல் அழைக்காதீர்கள். கூடச் சாப்பிட, உப்பும் பூண்டும் மட்டும் போட்டு வாட்டிய ஆட்டுத்தொடை. சைவர்களுக்கு வெண்ணெயில் வதக்கிய காளான், முதிர்ந்த சீஸ். காரம் வேண்டவே வேண்டாம். மிளகாய் ஏறினால் துவர்ப்பும் சாராயச் சூடும் இரண்டு மடங்காகத் தெரியும், மெல்லிய மணம் எதுவும் எட்டாது. நம் வீடுகளில் இதை ஏற்கவைப்பது கஷ்டம். ஆனாலும் அந்த ஒரு வேளைக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

இளம் ஒயின் மிஞ்சினால் கார்க் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளும் குடிக்கலாம். பழையதை அன்றைக்கே முடித்துவிடுங்கள், காலையில் அது இருக்காது.