மரம் நுழையாத நிலம்

தருமபுரம், காரைக்கால்.

அன்புள்ள யாழினி,

வடதுருவத்தை ஒட்டிய வெற்று நிலத்தில் இப்போது மரம் முளைக்கிறதாமே, அது நல்லதுதானே மாமா என்று கேட்டிருந்தாய். நிழலுக்கு ஏங்கும் நம் கடற்கரைச் சமவெளியிலிருந்து பார்த்தால் எந்த மரமும் வரவாகத்தான் தெரியும். ஆனாலும் ‘ஆமாம்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரஷ்யாவிலும் கனடாவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் பரவிக் கிடக்கும் வடபுலக் காடு, உலகக் காடுகளில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். ஜூலை மாதச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் இடத்தில் அது நின்றுவிடும். குளிர்காலக் கடுமை அல்ல காரணம். சைபீரியாவின் லார்ச் மரம் மைனஸ் 60 டிகிரியையும் தாங்கும். கோடை குறுகினால் தண்டு தடிக்கவும் விதை முற்றவும் நாள் போதாது, அவ்வளவுதான். கோடை நீண்டால் எல்லை வடக்கே நகரலாம். ஆனால் விதை அங்கே போய் விழ வேண்டும், வேர் பிடிக்க மண் வேண்டும், முளைத்த மரக்கன்றைத் துருவ மான் கடிக்காமல் விட வேண்டும். அதனால் சில இடங்களில் காடு முன்னேறுகிறது, பல இடங்களில் அசையவே இல்லை. தெற்கு ஓரத்திலோ வறட்சியும் பூச்சியும் தீயும் அதைத் தின்கின்றன. 2023இல் மட்டும் கனடாவில் ஒன்றரைக் கோடி ஹெக்டேர் அளவுக்குக் காடு எரிந்தது. இன்னொன்றும் உண்டு: பனி மூடிய திறந்த நிலம் வெயிலைத் திருப்பி அனுப்பும், பனிக்கு மேலே தலைநீட்டும் கரும்பச்சை மரம் அதை வாங்கிக்கொண்டு அந்த இடத்தையே சூடாக்கும்.

திறந்த நிலத்துக்குள் மரம் நுழையும் இதே சிக்கல் நம் நீலகிரியிலும் இருக்கிறது. ஊட்டிக்குத் தென்மேற்கே அவலாஞ்சிப் பக்கம் போனால் மலை மடிப்புகளில் சோலையும், மேட்டில் புல்வெளியுமாக மாறி மாறி வரும். காடு பாதியில் அழிந்துபோன இடம் அது என்று நினைத்துவிடாதே. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வானம் தெளிந்திருக்கும்போது திறந்த புல்வெளி வெப்பத்தை இழந்து உறைந்துவிடும். சோலையின் கூரைக்குள் முளைத்த கன்று பிழைக்கும், வெளியே முளைத்தது கருகும். காட்டுப் பூவரசு போன்ற சில மரங்கள்தாம் புல்லுக்கு நடுவே துணிந்து நிற்கின்றன.

சோலைக்கும் புல்வெளிக்கும் இடையிலான இந்த எல்லை முன்பும் ஆடியிருக்கிறது. ஆர். சுகுமாரும் உடனாய்வாளர்களும் நீலகிரிச் சதுப்புகளின் கரிமண்ணில் உள்ள கார்பன் வகைகளை அளந்து 1993இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. மலைப்புல் விட்டுச்செல்லும் கார்பனும் மரம் விட்டுச்செல்லும் கார்பனும் வேறு வேறு. அதை வைத்துப் பார்த்தால், பனியூழியின் வறண்ட உச்சத்தில் புல் ஓங்கியது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தபோது மரமும் ஈரநிலச் செடிகளும் ஓங்கின. அந்த மாற்றங்களுக்கெல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடைத்தன.

இப்போது அந்த அவகாசம் இல்லை. 19ஆம் நூற்றாண்டிலிருந்து விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாகச் சீகையும் தைலமரமும் புல்வெளியில் நடப்பட்டன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகைக் கன்று, சோலைக் கன்றைவிட உறைபனியை நன்றாகத் தாங்குகிறது. இரவுகள் வெதுவெதுப்பானால் புல்வெளியின் காவல் தளரும்; அந்த வாசலில் முதலில் நுழையப்போவது நம் நாவலோ காட்டுப் பூவரசோ அல்ல, சீகைதான். வரையாட்டுக்கும் தோடர்களின் எருமைக்கும் மேய்ச்சல் போகும். தூரத்திலிருந்து எடுத்த படத்தில் மட்டும் மலை முன்பைவிடப் பசுமையாகத் தெரியும். இதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது.

அந்த மலையில் ஊறும் நீர்தான் பவானி ஆறாகிக் காவிரியில் கலக்கிறது. நம் அரசலாறு அந்தக் காவிரியின் கிளை; அதனால் இது நமக்குத் தொடர்பில்லாத கதை அல்ல. புல்வெளியை மீட்க, மலையில் சில இடங்களில் சீகையை அகற்றி உள்ளூர்ப் புல்லை நட்டுவருகிறார்கள். சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், மரத்தை வெட்டியதும் திரளாக முளைக்கும். அதனால் ஒருமுறை வெட்டினால் வேலை முடியாது. ஆண்டுதோறும் போய்க் கன்றுகளைப் பிடுங்க வேண்டும்.

அன்புடன்,
உன் மாமா