சுமை இறக்கிய மூச்சு

நுழையும்முன்

குழலிசைக்கு மூச்சு வேண்டும் என்பதை அனைவரும் அறிவர். அம்மூச்சு தடையின்றிச் செல்ல உடலும் இசைந்து நிற்றல் வேண்டும் என்பதை இப்பாடம் உணர்த்துகிறது.

சவ்வாது மலையை அடுத்துள்ள செங்கம், சங்க இலக்கியத்தில் செங்கண்மா எனப் பெயர்பெற்ற ஊர். அதனை ஆண்ட நன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது, பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் இயற்றிய இந்நூல் 583 அடிகளை உடையது. முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல் முதலிய கருவிகளைச் சுமந்து, பரிசில் பெற மலைவழி செல்லும் கூத்தரை இதில் காண்கிறோம். மலையேறிய கலைஞர் சுமையை இறக்கி இளைப்பாறிய பின்னரே நன்கு இசைக்க இயலும். இன்று சமதளத்தில் அமர்ந்து குழல் பயிலும் மாணவரிடமும் இறக்கவேண்டிய சுமை ஒன்று உண்டு. அஃது உடலின் இறுக்கம்.

இதழ்களிடையே வெளிப்படும் மெல்லிய காற்று, வாய்வைத்து ஊதும் முத்திரைத்துளையின் விளிம்பில் மோதும்போது குழலினுள் உள்ள காற்று அதிர்ந்து ஒலி பிறக்கிறது. ஒலி எழாதபோது தொடக்கநிலை மாணவர் செய்வது யாது? இதழ்களை நெருக்குகிறார், பற்களைக் கடிக்கிறார், தோள்களை உயர்த்துகிறார். முயற்சி பெருகப் பெருக ஒலி தேய்கிறது. தோள் உயர்ந்தால் மூச்சு மார்பின் மேற்பகுதியிலேயே நின்றுவிடும். தொண்டை இறுகினால் காற்றோட்டம் தடைப்படும். விரல் இறுகினால், துளையைச் சிறிதே திறந்து மூடிக் கமகம் காட்டும் நுட்பம் கைவராது.

சீனரின் 'திட்சு' என்னும் மூங்கிற்குழலில், முத்திரைத்துளைக்கும் விரல்துளைகளுக்கும் இடையே ஒரு துளை உண்டு. அதன்மீது நாணலின் உட்புற மென்சவ்வை ஒட்டுவர். அது ஒலிக்குத் தனித்ததொரு அதிர்வைத் தருகிறது. நம் குழலில் அச்சவ்வு இல்லை. ஆயினும் இரண்டையும் ஒலிக்கச் செய்வது மனித மூச்சே. இரண்டிற்கும் பகை இறுக்கமே.

இறுக்கம் நீங்குதலும் பயிற்சியால் வருவதே. குழலை எடுக்குமுன் மூச்சை இழுத்தவாறு தோள்களை உயர்த்தி, மூச்சை விட்டவாறு தாழவிடுக. தலையைக் குழலிடம் வளைக்காது, குழலை இதழுக்குக் கொணர்க. தாழ்ந்த சுரம் ஒன்றை மென்மையாக நீட்டி ஊதுக. வலி தோன்றினாலோ விரல் மரத்துப்போனாலோ, பயிற்சியை நிறுத்தி ஆசிரியரிடம் கூறுக. வலியைப் பொறுத்தலே கலைப்பற்று என எண்ணுவோர், ஒருநாள் குழலையே கைவிட நேரிடலாம்.

தளர்ச்சி என்பது சோர்வன்று. நிமிர்ந்த முதுகும் வயிற்றின் தாங்குதலும் இதழின் குவிதலும் என்றும் வேண்டும். வேண்டிய உறுப்பு உழைக்க, வேண்டாத உறுப்பு ஓய்ந்திருப்பதே தளர்ச்சி. தேர்வறையில் எழுதுகோலை இறுகப் பற்றும் விரல்களுக்கும் இது பொருந்தும் அன்றோ?

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரிலுள்ள குழல், நாகசுரக் கலைஞர் ஒருவரைக் கண்டு, இசைக்கும்போது அவர்தம் உடல்நிலையையும் மூச்சுப் பயிற்சியையும் கேட்டறிந்து எழுதுக.